உப்பிலிருந்து தொடங்குங்கள்: சிறுநீர் அடர்வாகும் பாடத்தை நான் படித்த விதம்

இரண்டாவது முயற்சியில் நீட் தேறிவிட்டேன். முடிவு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கழிவுநீக்கப் பாடத்தில் சிறுநீர் அடர்வாகும் அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னை அதிகம் அழவைத்த பக்கங்கள் அவை.

முதல் முறை படித்த பயிற்சி மையத்தில் அதை வாய்ப்பாடாகக் கொடுத்தார்கள். சிறுநீரக நுண்குழலில் ஹென்லே வளைவு என்று ஊசிபோல் வளைந்த பகுதி ஒன்று உண்டு; அதன் கீழிறங்கு தூம்பு (இறங்கும் குழாய்) நீரை வெளியே விடும், மேலேறு தூம்பு (ஏறும் குழாய்) உப்பை வெளியே விடும். ஏன் என்று கேட்டால், “மனப்பாடம் செய், போதும்.” அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பதற்றத்தில் இரண்டும் இடம் மாறிவிடும். வர வேண்டிய நான்கு மதிப்பெண்ணும் போய், கையில் இருந்த ஒன்றும் போகும்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம், கடைமடை. உவர் ஏறிய வயலில் தண்ணீர் நின்றும் நாற்று வாடிக் கிடந்தது. “வேரைச் சுற்றி உப்பு ஏறிவிட்டால் பயிரால் தண்ணீர் குடிக்க முடியாதம்மா” என்றார் அப்பா. அன்று இரவு பாடத்தை மேலேறு தூம்பிலிருந்து படித்தேன்.

சிறுநீரகத்தில் நீரை இறைக்கும் பம்பு கிடையாது, உப்பைத்தான் இறைக்கிறது. மேலேறு தூம்பின் தடித்த பகுதி ஆற்றலைச் செலவழித்து உப்பை வெளியே தள்ளும். அதன் சுவர் நீரை விடாது. வெளியே சேர்ந்த உப்பு, எதிர்த்திசையில் ஓடும் கீழிறங்கு தூம்பிலிருந்து நீரை இழுக்கும். ஆகவே வளைவுக்கு வரும் திரவம் முன்பைவிடக் கரிக்கும். அது மேலேறும்போது தள்ளுவதற்கு இன்னும் உப்பு கிடைக்கும். இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான கார்டெக்ஸில் லிட்டருக்கு 300 மில்லி ஆஸ்மோலாக (கரைபொருள் அடர்வின் அளவு) இருப்பது உட்பகுதியான மெடுல்லாவின் ஆழத்தில் 1200 ஆகிறது. யூரியாவுக்கும் அதில் பங்குண்டு, விட்டுவிடாதீர்கள்.

பலர் சறுக்கும் இடம் ஏடிஹெச், அதாவது சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன். உள்ளே போகப் போக உப்பு கூடும் அந்தச் சரிவு முன்பே தயாராக இருக்கிறது. ஏடிஹெச், நுண்குழல்கள் கடைசியில் வந்து சேரும் சேகரிப்பு நாளத்தில் அக்வாபோரின் என்ற மடைகளைத் திறக்கிறது. நீர் தானாக உப்பை நோக்கிப் போகிறது. நாளொன்றுக்கு இரத்தத்திலிருந்து வடியும் 180 லிட்டரில் பெரும்பகுதியை, ஹென்லே வளைவுக்கு முன்னால் இருக்கும் அண்மைச் சுருள் நுண்குழலே மீட்டுவிடும். வெளியேறுவது ஒன்றரை லிட்டரா, கூடவா குறைவா என்பது இந்தக் கடைசி மடையில்தான் முடிவாகிறது.

கடைசி வாரம் செய்தவை:

- காலையில் எழுந்ததும் ஹென்லே வளைவைப் பார்க்காமல் வரைந்தேன். முதல் அம்புக்குறி மேலேறு தூம்பில், உப்புக்கு. உப்புக்குச் சிவப்பு, நீருக்கு நீலம்.
- வளைவை ஒட்டி ஓடும் இரத்த நுண்குழாயான வாசா ரெக்டாவைக் கடைசியில் சேர்த்தேன். மீட்ட நீரை அது கொண்டுபோகும். சேர்ந்த உப்பை அடித்துச் செல்லாது.
- காணொளி ஒன்றுகூடப் பார்க்கவில்லை. கையால் வரைந்தால்தான் எனக்கு மனத்தில் நிற்கும்.
- தமிழில் எழுதுகிறவர்கள் ஆங்கிலப் பெயர்களையும் கட்டாயம் படியுங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி.

தேர்வறையில் வினாத்தாளின் ஓரத்தில் முதலில் அந்தச் சிவப்பு அம்புக்குறியின் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டுத்தான் உயிரியல் பகுதியைத் திறந்தேன்.