நான் சொல்லாமல் விட்ட இரண்டு நிமிடம்

"தம்பி, அவரு ரெண்டு நிமிஷம் பேசினாரே. நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீங்களே?"

எருசலேமில் இயேசுவின் கல்லறை இருந்த இடம் என்று நம்பப்படும் கல்லறை ஆலயத்தில், ஹெலெனா சிற்றாலயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் வைத்து அந்த ஐயா கேட்டார். 2019 தவக்காலத்தில் நான் டூர் லீடராக அழைத்துப்போன குழு அது. கைடு ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். அவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். "நேரம் இல்ல ஐயா, பின்னால அடுத்த குழு நிக்குது" என்றேன். அடுத்த குழு நின்றது உண்மைதான். நேரம் இல்லை என்பதுதான் உண்மை இல்லை.

அந்தப் படிக்கட்டில் இறங்கியவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கச் சுவரிலும் சின்னச் சின்னச் சிலுவைகள் வரிவரியாகச் செதுக்கியிருக்கும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். விரல் வைத்தால் நகம் உள்ளே போய் உட்காரும். சிலுவைப்போர் காலத்து யாத்ரீகர்கள் செதுக்கியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். யாத்ரீகர்கள் காசு கொடுத்துக் கல்தச்சர்களை வைத்துச் செதுக்கியிருக்கலாம் என்று சமீபத்தில் ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். எப்படியானாலும் நம் ஆட்கள் அங்கே நின்றுவிடுவார்கள். கைக்குட்டையை ஒற்றி எடுப்பார்கள், ஜெபமாலையை வைத்து எடுப்பார்கள்.

அன்றைக்கு எங்கள் கைடு அங்கே ஆங்கிலத்தில் சொன்னது இதுதான். 1099 ஜூலை 15, ஐந்து வார முற்றுகைக்குப் பிறகு எருசலேமைப் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவச் சிலுவைப் படை நகர மதிலைத் தாண்டி உள்ளே வந்தது. உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிப் போட்டார்கள். யூதர்கள் அடைக்கலம் புகுந்த ஜெபக்கூடத்தைக் கொளுத்தினார்கள் என்று அக்காலத்து அரபுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. குதிரையின் கடிவாளம் வரை இரத்தம் ஓடியது என்று படையோடு வந்த குருவானவர் ஒருவர் எழுதிவைத்தார். அது வெளிப்படுத்தல் புத்தகத்திலிருந்து எடுத்த வார்த்தை, அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் கொலை நடந்தது உண்மை என்றார் கைடு. கொன்று முடித்த கையோடு அவர்கள் இதே ஆலயத்துக்கு வந்து, ஆனந்தக் கண்ணீர் விட்டு அழுது ஜெபித்தார்கள் என்று முடித்தார்.

நான் மைக்கில் சொன்னது: "இதெல்லாம் சிலுவைப்போர் காலத்துல வந்த யாத்ரீகர்கள் விசுவாசத்தோட பதிச்ச சிலுவைகள். தொட்டு ஜெபம் பண்ணிக்கங்க."

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், எனக்கு இரண்டு படி கீழே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கம். மூன்று வருடம் சீட்டு போட்டுச் சேர்த்த பணத்தில் வந்தவர். இறந்துபோன கணவரின் போட்டோவை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையை ஒரு சிலுவைமேல் அழுத்தி வைத்து அழுதுகொண்டிருந்தார். கைடு 'அழுது ஜெபித்தார்கள்' என்று சொன்ன அதே நொடியில் என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கை. அதை என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை. வாய் வரவில்லை.

இப்போதும் யோசித்தால் அதில் தப்பில்லை என்றுதான் முதலில் தோன்றும். அந்த அம்மா வந்தது பாடம் கேட்க அல்ல. இன்னொரு முறை அவரால் வர முடியாது. ஆறேழு நிமிடம் கிடைக்கிற ஓர் இடத்தில், தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமையை அவர் தலையில் ஏன் இறக்க வேண்டும்? டூர் லீடர் வேலை ஆட்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய், மனம் நிறையக் கூட்டி வருவது. அதை நான் ஒழுங்காகத்தான் செய்தேன்.

சரி, ஆனால் அன்று காலையில் ஒலிவ மலையில் நான் என்ன செய்தேன்? ஆண்டவர் நகரத்தைப் பார்த்து அழுத இடம் என்று கண்ணீர்த்துளி வடிவில் கட்டியிருக்கிறார்களே, அந்தச் சின்னக் கோயில். அங்கே நின்று, கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் தேவாலயத்தை எரித்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கல்லறை ஆலய வாசலிலேயே 614இல் பாரசீகர்கள் வந்து சிலுவையைத் தூக்கிப்போனதைச் சொன்னேன். 1009இல் கலீபா அல்ஹாக்கிம் இந்த ஆலயத்தை இடிக்கச் சொன்னதைக் கையை வீசிக் காட்டிச் சொன்னேன். அதற்கெல்லாம் நேரம் இருந்தது. அப்போதும் அந்த அம்மா முன்னால்தான் நின்றார், அவர் மனசு எனக்கு நினைவுக்கு வரவில்லை. நமக்கு நடந்ததை நீட்டிச் சொன்னவன், நம் பெயரில் நடந்ததை மட்டும் சுருக்கியிருக்கிறேன். ஐயா கேட்கும்வரை இதை நான் கவனித்ததே இல்லை. அதற்கு முன் எத்தனை குழுக்களுக்கு இப்படிச் சுருக்கினேனோ!

நான் துவேஷம் பிடித்தவன் இல்லை. ஆலயக் கதவின் சாவியை ஒரு முஸ்லிம் குடும்பம் வைத்திருக்கிறது, கதவைத் திறக்கும் உரிமை இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. உள்ளே ஆறு கிறிஸ்தவ சபைகளுக்கு ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு நேரம். இதை ஒவ்வொரு குழுவுக்கும் ஆசையாகச் சொல்வேன். கலீபா உமர் இந்த ஊருக்கு வந்தபோது, ஆலயத்துக்குள் தொழுதால் பின்னால் வருகிறவர்கள் அதைப் பள்ளிவாசலாக்கிவிடுவார்கள் என்று வெளியே போய்த் தொழுததாகச் சொல்லும் கதையையும் சொல்வேன். ஆனால் 1187இல் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் ஊரைப் பிடித்தபோது, 1099 போல வெட்டாமல், மீட்புத்தொகை கட்டிய கிறிஸ்தவர்களை வெளியே விட்டதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் 1099ஐ முதலில் சொல்லியாக வேண்டும் அல்லவா?

கைடு அந்த ஊர் அரபுக் கிறிஸ்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் வாய் சீக்கிரம் மூடிவிட்டதைக் கவனித்திருக்கிறார். அன்று மாலை தமாஸ்கஸ் வாசல் பக்கம் டீ குடிக்கும்போது அதைக் கேட்டார். நான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முற்றுகைக்கு முன்பே உள்ளூர்க் கிறிஸ்தவர்களை அப்போது ஊரை ஆண்ட எகிப்து அரசின் ஆளுநர் ஊரைவிட்டு வெளியே அனுப்பியிருந்தான், எங்கள் ஆட்கள் அன்று மதிலுக்கு வெளியே நின்றார்கள், அதனால்தான் எனக்கு இதைச் சொல்ல வருகிறதோ என்னவோ என்றார். அப்புறம், பெத்லகேமுக்குப் போகிற வழியில் கத்தமோன் பகுதி பக்கமாக பஸ் போகும்போது தான் எதுவும் பேசுவதில்லை என்றார். 1948 போரில் அவர் தாத்தா விட்டுவிட்டு வந்த வீடு அங்கேதான் இருக்கிறது. கேட்டால் சொல்வாராம். யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவரில் யூத கைடு ஒருவர், 1948இல் பழைய நகரத்தின் யூதக் குடியிருப்பு ஜோர்டான் படையிடம் விழுந்ததையும், அடுத்த 19 வருடம் யூதர்கள் அந்தச் சுவரைத் தொட முடியாமல் இருந்ததையும் தொண்டை அடைக்கச் சொல்வார். நாங்கள் நிற்கிற அந்த அகலமான முற்றத்தில் 1967 ஜூன் வரை மொரோக்கோ முஸ்லிம்களின் தெரு ஒன்று இருந்ததையும், போர் முடிந்த கையோடு அந்த வீடுகளை இடித்துத்தான் இடம் எடுத்தார்கள் என்பதையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் கைடு அதைச் சொல்வார். அந்த 19 வருடத்தை அவர் ஒரே மூச்சில் தாண்டிவிடுவார். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பழைய நகரம் அது. அதில் எல்லாருக்கும் வேகமாக நடந்து கடக்கிற ஓர் இடம் இருக்கிறது. என்னுடையது அந்தப் படிக்கட்டு.

2023 தொடக்கத்தில் ஒரு குழு. அந்தப் படிக்கட்டில் இந்த முறை முழுசாகச் சொன்னேன். ஜூலை 15, வெட்டியது, ஜெபக்கூடம், அழுது ஜெபித்தது, எல்லாம். என் முன்னால் ஓர் இளம்பெண் சுவரில் கை வைத்திருந்தாள். நான் பேசி முடிப்பதற்குள் கையை எடுத்துவிட்டாள். எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப்போனாள். "நம்ம ஆளுங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க பிரதர்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். பஸ்ஸில் அன்று யாரும் பாடவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி எனக்கு வரவில்லை. அந்தப் பெண்ணிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரிதான் இருந்தது. முன்பு மறைத்ததும் உறுத்துகிறது, இப்போது சொன்னதும் உறுத்துகிறது.

அந்த ஐயாவைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 2019இல் சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்காக நிற்கும்போது பக்கத்தில் வந்தார். "நானும் முப்பது வருஷம் கிளாஸ்ல அதை ஒரு வரியிலதான் சொல்லியிருக்கேன், தம்பி" என்றார். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா, தன் மனசில் இருந்ததைச் சொன்னாரா என்று கேட்பதற்குள் அவர் பெட்டி வந்துவிட்டது.

இப்போது நான் குழுக்களை அழைத்துப்போவதில்லை. மறுபடியும் தொடங்கினால் அந்தப் படிக்கட்டில் என்ன செய்வேன் என்று ராத்திரியில் யோசிப்பதுண்டு. சொல்லாமல் விடப்போவதில்லை, அந்த அளவுக்கு முடிவு செய்திருக்கிறேன். முதலில் எல்லாரையும் கை வைத்து ஜெபிக்கவிட்டு, அப்புறம் சொல்வதா? இல்லை, மேல் படியிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டு, அப்புறம் இறங்கிப்போய்க் கை வைக்கச் சொல்வதா? அதுதான் இன்னும் பிடிபடவில்லை.