உள்ளான் சுட்ட துப்பாக்கிக்கு ஒரு மாற்று

கண்மாயில் உள்ளான் பறவையைச் சுட்ட காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்றுவிட்டு, அதே மாதிரி ஒன்று வீட்டில் இருந்தால் போதும் என்று தேடுகிறவர்கள் கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் உண்டு. நினைவுக்கு மட்டும்தான். வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டிப்போட்டது, 1991 திருத்தம் அடியோடு மூடிவிட்டது.

தேடல் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் தொடங்கும். வகை, போர் (குழலின் உள்ளளவு), கம்பெனி, நம்பர் எல்லாம் அதில் இருக்கும். "பூ வேலை செய்த வெப்லி" என்று ஞாபகத்தில் சொன்னால் எந்த டீலராலும் எடுத்துத் தர முடியாது. லைசென்ஸ்தாரரே நேரடியாக விற்றிருந்தால், வாங்குகிறவர் பெயர், விலாசத்தோடு கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருந்திருப்பார்; 1959 படைக்கலச் சட்டத்தில் 5-வது பிரிவு அப்படி. அந்தக் கடித நகல் கிடைத்தால் அசலே திரும்ப வரலாம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

லைசென்ஸ் உயிரோடு இருந்தால் மாற்று ஆயுதத்துக்கு அனுமதி கேட்டு மனு. ஒப்படைத்தாயிற்று என்றால் ஏ-1 படிவத்தில் புதிதாகத்தான். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். மூன்றாவதை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். அதனால் பழைய சரக்குக்கு முதலில் டீலரைக் கேளுங்கள்.

சரக்கு கைக்கு வந்ததும் விலை பேசாதீர்கள். குழலைக் கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பென்சிலால் சுண்டுங்கள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் இரு குழலையும் சேர்த்த பட்டையின் பற்றாசு (உலோக ஒட்டு) உறுதி. 'பொத்' என்று அடங்கினாலோ கரகரத்தாலோ பற்றாசு விட்டிருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்று அந்த இடுக்கில் நுழைந்து வெளியே தெரியாமல் அரிக்கும். குழலில் கோரைப்பாய் பின்னியது போல வரி ஓடினால் டமாஸ்கஸ், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய குழல்; இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடவே கூடாது.

பெரிய ஆபத்து சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய இங்கிலீஷ் 12 போர் பலதும் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா பெரும்பாலும் 70. அந்த 70 என்பது சுட்டு விரிந்த பிறகான நீளம். வாய் மடித்த புதுத் தோட்டா 60-க்குள்தான் இருக்கும். அதனால் சின்ன சேம்பரிலும் அழகாக உட்கார்ந்து துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல், சேம்பருக்கு முன்னால் குழல் குறுகும் பகுதிக்குள் நீள, அழுத்தம் ஏறும். "தோட்டா உள்ளே போகுதே" என்ற கடைப்பேச்சை நம்பாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளந்து வாங்குங்கள். குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் நம்பர் ஒத்துப்போக வேண்டும். நம்பரைச் சுரண்டிய துப்பாக்கியைத் தொடவே வேண்டாம், அது கேஸ்.

வீட்டுக்கு வந்தபின் தோல் உறையில் வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். நல்லெண்ணெய் தடவும் பழக்கம் இங்கே உண்டு. நாளடைவில் பிசினாகி விசையைப் பிடித்துவிடும். மெஷின் ஆயில், மெல்லிசாக, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் குழலுக்குள்ளும் எண்ணெய் ஓட்டிக் கொடுங்கள், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ரசீதில் நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.