குரூசிபிளையும் கரைக்கும் கண்ணாடி

அணுக்கழிவைக் கண்ணாடிக்குள் அடைப்பது எங்கள் துறை. அதில் போரோசிலிக்கேட் கண்ணாடிக்குத்தான் முதல் மரியாதை. பிரான்ஸ், அமெரிக்கா, இந்தியா எல்லாம் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவை அதில்தான் உருக்கிச் சேர்க்கின்றன. ரஷ்யாவின் மாயக் ஆலை மட்டும் 1987 முதல் சோடியம் அலுமினோபாஸ்பேட் கண்ணாடியோடு நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த என் கையில் கொடுத்தது இரும்பு பாஸ்பேட் கண்ணாடி. எதற்கு இது என்றேன். “போரோசிலிக்கேட்ல கொஞ்சம் சல்ஃபேட் போட்டுப் பாருங்க, தெரியும்” என்றார் சீனியர்.

தெரிந்தது. கழிவோடு வரும் சல்ஃபேட்டை எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் போரோசிலிக்கேட் ஏற்கும். மிச்சம் உருகலின் மேல் மஞ்சளாக மிதக்கும். மாலிப்டேட்டும் குரோமேட்டும் கூடச் சேர்ந்துகொள்ளும். இந்த உப்பு நீரில் கரையும், கதிரியக்கச் சீசியமும் அதற்குள் போய் உட்கார்ந்துவிடும் என்பதுதான் வினை. பாஸ்பேட் உருகல் இவற்றைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும்.

ஆனால் வெறும் பாஸ்பேட் கண்ணாடியை நம்ப முடியாது. பாஸ்பரஸ்–ஆக்சிஜன்–பாஸ்பரஸ் பிணைப்பை ஈரக் காற்றே அறுத்துவிடும். இரும்பு ஆக்சைடை 40 மோல் சதவீதம் வரை சேர்த்தால் பாஸ்பேட்டின் நீளச் சங்கிலிகள் உடைந்து, இரண்டிரண்டு பாஸ்பரஸ் கொண்ட பைரோபாஸ்பேட் துண்டுகளாகும். அவற்றை இரும்பு, ஆக்சிஜன் வழியாகக் கோத்துப் பிடிக்கும். இந்தப் பிடி நீருக்கு லேசில் அசையாது. 1990களில் மிசௌரியில் டெல்பர்ட் டே குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

உருக்குவது தனிக் கதை. கழிவுக்குப் பதில் கதிரியக்கமில்லாத சீசியம், ஸ்ட்ரான்ஷியம் உப்புகளைத்தான் போடுவோம். அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் சூடேறும்போது அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அவசரப்பட்டால் கலவை பொங்கி வழியும். 1100 டிகிரியில் எடுத்துச் சாய்த்தால் எஃகுத் தகட்டில் கருப்பாக, தயங்காமல் ஓடும். போரோசிலிக்கேட் பாகு மாதிரி இழுபடும்.

ஆறியதைப் பொடித்து, 75 முதல் 150 மைக்ரான் அளவில் சலித்து, 90 டிகிரி நீரில் 7 நாள் வைத்து, நீரில் எவ்வளவு கசிகிறது என்று அளந்தோம். நல்ல எண்கள். ஆனால் பகுத்துப் பார்த்தால், நாங்கள் போடாத அலுமினியம் உள்ளே இருந்தது! உருக்கப் பயன்படுத்திய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பாத்திரத்தில், அதாவது குரூசிபிளில், உருகல் நின்ற மட்டத்தில் வளையமாக அரிப்பு. நீரைத் தாங்கிய பெருமையில் குரூசிபிளுக்கும் பங்கு இருக்கலாம். எதையும் கரைக்கும் பசி பாத்திரத்தை மட்டும் விட்டுவைக்குமா?

ஆய்வகத்தில் வேறு குரூசிபிள் எடுத்துக்கொள்ளலாம். கனத்த சுவருக்கு இப்பால் நின்று, இயந்திரக் கையால் உலையின் செங்கல்லையும் மின்முனையையும் மாற்றுவது அப்படியல்ல. குளிர் குரூசிபிள் உலைதான் இதற்குச் சரி என்பது என் கட்சி: உலோகச் சுவருக்குள் நீர் ஓடும், சுவரைத் தொடும் உருகல் அங்கேயே உறைந்து படலமாகிவிடும். அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. உருகலை ஊற்றிவைக்கும் பெரிய கலத்தின் நடுப்பகுதி மெல்லத்தான் ஆறும், மெல்ல ஆறினால் இந்தக் கண்ணாடி படிகமாகப் பார்க்கும். இப்போது அதைத்தான் உலைக்குள் வேண்டுமென்றே மெதுவாக ஆறவிட்டுச் சோதிக்கிறோம்.