இந்த வாரம் வாசல் முறை எனக்கு

செப்டம்பர் 30, 2025, செவ்வாய்

சென்னையில் செவ்வாய் என்றாலே அந்தோணியார் நாள். பிரான்சிஸ் சபைத் துறவிகளான நாங்கள் காலைச் செபத்துக்கு எழும் முன்பே மடத்து வாசலில் ஆள் நிற்கிறது. திருநீறு பூசிய பூக்கார அம்மா, ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு தம்பி. நம் ஊரில் சீடர் அந்தோணியார் தன் குரு அசிசி பிரான்சிசை எப்போதோ முந்திவிட்டார். 1231-இல் பதுவை அருகே இறந்த அந்தோணியார் பிரான்சிஸ் சபைக்காரர் என்றால் பலருக்கு ஆச்சரியம். என் பழுப்பு அங்கியையும் இடுப்புக் கயிற்றையும் பார்த்து, "நீங்க ஏன் அந்தோணியார் டிரஸ் போட்டிருக்கீங்க?" என்றாள் ஒரு சிறுமி. கயிற்றில் மூன்று முடிச்சு எதற்கு என்றும் கேட்டாள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேர்ச்சையாக வந்த பன் பாக்கெட்டுகள் இரவுக்குள் வாசலிலேயே காலி.

அக்டோபர் 1, புதன்

எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் ஆயுத பூஜை. மாலைச் செபத்தில் திருப்பாடலை இரு பக்கமாக மாறி மாறிச் சொல்வோம்; இன்று ஸ்பீக்கர் சத்தத்தில் எதிர்ப்பக்கம் எந்த வரியில் இருக்கிறது என்றே தெரியவில்லை. இளம் பிரதர் ஒருவர் ஜன்னலைச் சாத்த எழுந்தார். மடத்துத் தலைவரான கார்டியன் சாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார். (சாத்தினால் வேர்த்து ஊற்றும் என்பதும் ஒரு காரணம்.) ஊரைவிட்டு ஒதுங்கி மலைமேல் மடம் கட்டுவது வேறு மரபு. நாங்கள் பிச்சை எடுத்து வாழத் தொடங்கியவர்கள். சந்தையும் சத்தமும் ஆதியிலிருந்தே கூட வருகின்றன. அமைதி தேடிச் சேர வரும் பையன்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

பொரியும் சுண்டலும் வந்தன. நடுரோட்டில் கிடந்த பூசணிக்காயை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தேன். பைக் வழுக்கும்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜயந்தி, கறிக்கடை மூடல். இல்லக் கூட்டத்தில் பேசியதும் கறியைப் பற்றித்தான். சனிக்கிழமை எங்கள் பிரான்சிஸ் திருநாள். அன்றே புரட்டாசி மூன்றாம் சனி. சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் கவுச்சி தொடமாட்டார்கள். "வருஷத்துக்கு ஒரு திருநாள், அதுலயும் கத்தரிக்காயா?" என்றார் பெரிய பிரதர். நீண்ட வாக்குவாதம். கடைசியில் காய்கறி பிரியாணி, பெரிய பிரதருக்கு மட்டும் ஆம்லெட்.

அக்டோபர் 3, வெள்ளி

1226-இல் இதே நாள் மாலை, இத்தாலியின் அசிசி ஊருக்குக் கீழே போர்சியுங்குலா சிற்றாலயத்தருகே, தன்னை வெறுந்தரையில் கிடத்தச் சொன்னார் பிரான்சிஸ். 142-ஆம் திருப்பாடலோடு உயிர் பிரிந்தது. அதன் நினைவு வழிபாட்டுக்கு விளக்குகளை அணைத்துவிடுவோம். இந்த வருடம் அவருடைய 'படைப்புகளின் பாடலு'க்கு 800 ஆண்டு. கண் மங்கிப்போன காலத்தில், இலத்தீனில் அல்ல, ஊர்ப்பேச்சில் பாடியது. சாவையும் சகோதரி என்று அழைக்கும் வரியை இறப்பதற்குச் சற்று முன் சேர்த்தார். நாங்கள் அந்த வரிக்கு வந்தபோது காலிங் பெல்.

முறை என்னுடையது. மெழுகுவர்த்தியோடு போனேன். காலி கேன் எடுக்க வந்த தண்ணீர்க் கேன் தம்பி.

"கரண்ட் கட்டா சாமி?"

"இல்லப்பா, எங்க பெரியவர் இறந்த நாள்."

"ஐயையோ, எப்போ?"

"அடுத்த வருஷம் வந்தா எண்ணூறு."

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று விழித்தான். உள்ளே கூப்பிட்டேன், கடைசி வரிசையில் முடியும்வரை நின்றான். சாகும் தறுவாயில் பிரான்சிஸ் ஆசைப்பட்டது அவர்மேல் பற்றுள்ள ஜாக்கோபா அம்மா உரோமையிலிருந்து கொண்டுவரும் பாதாம் பலகாரம். பாதாம் விற்கிற விலையில் எங்களுக்குக் கடலை பர்ஃபி. தம்பி இரண்டு எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் 4, சனி

வழக்கப்படி திருப்பலிக்கு தொமினிக்கன் சபைச் சாமி வந்தார். அவர்கள் திருநாளுக்கு எங்கள் ஆள் போவார். பந்தி மூன்று முறை நடந்தது. ஆட்டோக்காரர்கள் பரிமாறவே இறங்கிவிட்டார்கள். ஆம்லெட்டைத் தள்ளிவைத்துவிட்டு பெரிய பிரதர் கத்தரிக்காயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்; யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாளை இரவு சாவியை ஒப்படைக்க வேண்டும். ஜெர்மனியில் பவேரியாவின் ஆல்டோட்டிங் மடத்தில், பிரான்சிஸ் சபையின் ஒரு கிளையான எங்கள் கப்புச்சின் சபைப் புனிதர் கொன்ராட் 41 ஆண்டு வாசல் பார்த்திருக்கிறார். எனக்கு ஒரு வாரத்துக்கே கால் வீங்கிவிட்டது. அடுத்த வாரம் பாத்திரம்.