பதில் வர 42 நிமிடம்: எங்கள் ஒலி நாடகத்தின் கடைசிப் பகுதி உருவான விதம்

எங்கள் அறிவியல் புனைவு ஒலி நாடகத் தொடரின் கடைசிப் பகுதி வெளிவந்துவிட்டது. அதைக் கேட்டவர்கள் நேரில் பார்த்தால் முதலில் கேட்பது நடுவில் வரும் அந்த நீண்ட அமைதியைப் பற்றித்தான். அது எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். கதையின் முடிவும் இதில் வருகிறது. இன்னும் கேட்காதவர்கள் நாடகத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

செவ்வாயில் ஜெஸெரோ பள்ளத்தில் ஓர் ஆய்வு நிலையம். அங்கே பொறியாளர் கயல். சென்னைக் காசிமேட்டில் அவள் அப்பா, விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். முந்தைய பகுதிகளில் செவ்வாய் பூமிக்கு நெருக்கமாக இருந்தது. மூன்று நான்கு நிமிடத்தில் குரல் போய்ச் சேர்ந்துவிடும். அந்த இடைவெளியைக் காட்சி மாற்றத்திலேயே தாண்டிவிடுவோம். கடைசிப் பகுதியில் செவ்வாய் சூரியனுக்கு மறுபக்கம் போகிறது. சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை நடப்பது இது. சூரியனிலிருந்து கிளம்பும் மின்னேற்றத் துகள்கள் ரேடியோ சைகையைக் கெடுத்துவிடும் என்பதால் நாசாவே அந்த நேரத்தில் இரண்டு வாரம் போலத் தன் விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்பாமல் நிறுத்திவைக்கும். எங்கள் கதையில் அதற்கு முந்தைய கடைசி நாள். கயல் திரும்பி வரும் கப்பலில் ஏறுகிறாளா, இன்னொரு சுற்று அங்கேயே தங்குகிறாளா என்பது அன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தத் தொலைவில் ஒளி போய்ச் சேர 21 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். கேள்வி போய்ப் பதில் வர 42 நிமிடம். எங்கள் பகுதியே அரை மணி நேரம்தான்! குழுவில் ஒருவர், "தாமதத்தை மறந்துவிடலாம், யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு நாள் இயற்பியலை நம்பிக் கேட்டவர்களை நினைத்தால், கடைசியில் அதைக் கைவிடலாமா?

அதனால் வசனம் எழுதும் முன்னால் ஓர் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் அப்பா பேசும் நேரம், வலப்பக்கம் அது கயலுக்குக் கேட்கும் நேரம். கீழே அவளுக்கும் அப்படியே. பதிலுக்குக் காத்திருக்காமல் இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா முதலில் கேட்பது, "சாப்டியாம்மா?" அப்புறம் மாமா வீட்டுக் கல்யாணம், தெருவில் தண்ணீர் நின்றது, எஞ்சின் விலை என்று போகிறார். எஞ்சின் விலையின் நடுவில் வந்து விழுகிறது, "சாப்பிட்டேன்பா." அவர் ஒரு கணம் தடுமாறி, எந்தக் கேள்விக்கான பதில் என்று யோசித்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பிலேயே கேட்பவருக்கு முழுக் கணக்கும் புரிந்துவிடும். விளக்கவுரை தேவைப்படவில்லை.

முடிவும் அந்த அட்டவணையிலிருந்துதான் கிடைத்தது. தொடர்பு அறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பா கேட்கிறார், "எப்பம்மா வருவ?" இந்தக் கேள்விக்குப் பதில் வர வழியே இல்லை. அதற்குள் இணைப்பு போய்விடும். ஆனால் அவர் கேட்பதற்கு இருபது நிமிடம் முன்பே கயல் தானாகச் சொல்லி அனுப்பியது அப்போதுதான் வந்து சேர்கிறது: "அப்பா, கப்பல்ல பேர் குடுத்துட்டேன்." கேட்காத கேள்விக்குக் கிளம்பிய பதில். இதை எழுதிய இரவு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அப்பாவாக நடித்தவர் வானொலி நாடகங்களில் பழகிய பெரியவர். கடற்கரைச் சாலை நிலையத்தில் எத்தனையோ நாடகம் பேசியவர். அவரிடம் கற்றது ஏராளம். வசனத் தாள்களை ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது, தனித்தனியாக வைத்துக்கொண்டு படித்த பக்கத்தைச் சத்தமில்லாமல் கீழே நழுவவிட வேண்டும். உள் அறையிலிருந்து பேசுவது போல வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்தக் கூடாது, மைக்கைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே வேகத்தில் பேச வேண்டும். மென்பொருளில் என்ன வித்தை செய்தாலும் அந்தத் திரும்பல் வராது.

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் இரவு பத்து மணிக்கு மேல் பதிவு. ஆற்காடு சாலையில் அப்போது மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்ததால் பகலில் அடித்தொண்டை அதிர்வு ஒன்று மைக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஏசியும் அணைத்தாக வேண்டும். பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார், ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

கயலின் குரலை முன்பே தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தோம். பெரியவரின் பிரதியில் அந்தக் கடைசி வரியை நான் அச்சிடவே இல்லை. ஹெட்போனில் ஏதோ வரும், வந்தபின் உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். "எப்பம்மா வருவ?" என்றார். வரியை ஓடவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை மேஜைமேல் வைத்தார். முதல் டேக்கையே எடுத்துக்கொண்டோம்.

செவ்வாயின் வெளிப்புறச் சத்தம் எளிது, ஏனென்றால் ஆதாரம் இருக்கிறது. 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மைக் உண்டு. அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. கீச்சுச் சத்தங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் நிலையத்துக்கு வெளியே நடக்கும் எல்லாவற்றையும் மந்தமாக, தூரத்திலிருந்து வருவதாக வைத்தோம். தலைக்கவசத்துக்குள் அவள் குரல் மட்டும் நம் காதருகில்.

சிக்கல் அந்த அமைதிதான். டம்ளருக்கு அப்புறம் இருபத்தைந்து நொடி யாரும் பேசுவதில்லை. இசை போடலாம் என்ற யோசனைக்கு இசையமைத்த நண்பரே வேண்டாம் என்றார். ஆனால் சுத்தமாக ஒலியே இல்லாமல் விட்டால் போன் நின்றுவிட்டதென்று எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் காசிமேட்டில் ஒரு நண்பர் வீட்டில் நள்ளிரவில் மைக்கை வைத்து வெறும் அறையைப் பதிவு செய்தோம். மின்விசிறியின் மெல்லிய கிறீச், ஃப்ரிட்ஜ், எங்கோ ஒரு படகு எஞ்சின். அது அப்பாவின் தொழிலாகவே அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மிக்ஸிங் முடித்து, பாட்காஸ்டுக்கு வழக்கமான சத்த அளவான மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ்.ஸுக்குக் கொண்டுவந்து, சாதாரண இயர்போனில் வேளச்சேரியிலிருந்து கடற்கரை போகும் பறக்கும் ரயிலில் கேட்டுப் பார்த்தேன். ரயில் இரைச்சலில் அந்த அறை காணாமல் போய்விட்டது. படகு எஞ்சினை மட்டும் கொஞ்சம் ஏற்றினோம். அடுத்த முறை மயிலாப்பூர் தாண்டும்போதும் கேட்டது.

வெளியிட்ட மறுநாள் பெரியவர் போன் செய்தார். முழுவதும் கேட்டாராம். கயலாக நடித்த பெண்ணை இதுவரை பார்த்ததே இல்லை, ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வா, சாப்பாடு போட வேண்டும் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.