விதை மூட்டையும் நாங்களும்: புரட்டாதி, ஐப்பசிக் குறிப்புகள்

செப்டெம்பர் 9
கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. காலையில் தோய்த்துப் போட்ட சீலை ஒன்பது மணிக்கே விறைத்துவிட்டது, மடிப்பெல்லாம் புழுதி.

செப்டெம்பர் 11
தண்ணீர் பவுசர் இன்றைக்கும் வரவில்லை. மாமி வீட்டுக் கிணற்றில் அடி வளையம் தெரிகிறது. அள்ளியதைத் துணி கட்டி வடித்தேன், அப்படியும் கலங்கல். பள்ளிக்கூடம் போகும்போது மட்டக்களப்பு வாவிக்கு மேலே வலையிறவுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் எவ்வளவு தண்ணீர். அத்தனையும் உவர்.

செப்டெம்பர் 14
விதை நெல் வந்துவிட்டது. தம்பி கத்தாரில் இருந்து அனுப்பின காசு முழுக்க இப்போது முன்னறையில் பலகை போட்டு அடுக்கிக் கிடக்கிறது. பிஜி 300, மூன்று மாத நெல். மழை பிந்தினாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்கிறார். வெளிக் கொட்டிலில் வைத்திருக்கலாமே என்றேன். "ஆன மணந்து வந்திரும் புள்ள." அப்போ வீட்டுக்குள் வைத்தால் மணக்காதா? மணக்கும். மறுகா சுவரையும் சேர்த்துத்தான் இடிக்கும். போன கோடையில் பக்கத்து ஊரில் இடித்த சுவர் இன்னும் தகரத்தால் மறைத்தபடிதான் இருக்கிறது. குளங்கள் வற்றினால் அதுகளும் எங்கே போகும் என்று பகலில் நினைக்கிறேன். இரவில் அப்படி நினைக்க முடிவதில்லை.

அப்பா மூட்டைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துவிட்டார். தலைமாட்டில் ரோச், ஆனை வெடி, பிரசர் குளிசை.

செப்டெம்பர் 15
எலி. ஆனைக்குப் பயந்ததில் இதை மறந்தே போனோம்.

செப்டெம்பர் 19
ஊர் முழுக்க இந்தியச் சேனல் பார்த்துவிட்டுப் பேசுகிறது. எல் நினோவாம், மழை பொய்க்குமாம். மாமி வந்து, "மாலைய அடகு வச்சி உரம் வாங்கவா, விடவா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், இன்னும் பத்துப் பேர் கேட்பார்கள்.

எல் நினோ என்றால் பசுபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் தண்ணீர் வழமையை விடச் சூடாவது. அது இந்தியாவின் ஆனி தொடக்கம் ஆவணி வரையான மழையைப் பல தடவை கெடுத்திருக்கிறது. அவர்கள் கவலை அது. எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மழைக்கு எல் நினோ பெரும்பாலும் கைகொடுக்கிறது. தமிழ்நாட்டுக் கரைக்கும் அப்படித்தான். இந்து சமுத்திரத்தில் ஆபிரிக்காப் பக்கம் சூடும் சுமாத்திராப் பக்கம் குளிருமாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த வருசம் அதுவும் சேர்ந்திருக்கிறதாம். எங்களை வாட்டியது 2016. அந்த வருசம் எல்லாமே தலைகீழ்: பசுபிக்கில் குளிர், லா நினா என்பார்கள், சுமாத்திராப் பக்கம் சூடு. மாரி வரவே இல்லை, அந்த மழையை நம்பிச் செய்யும் பெரும்போக வெள்ளாமை நாடு முழுக்கப் படுத்தது.

மாமி எல்லாம் கேட்டாள். "அப்ப அடகு வைக்கட்டா?"

அதற்கு நான் என்ன சொல்ல.

செப்டெம்பர் 24
தம்பி போன் எடுத்தான். விதைச்சாச்சா? இன்னும் இல்லடா. ஏன்? மழை இல்லடா. அவன் இருக்கிற இடத்தில் வருசத்துக்கு நாலு தூறல். அவன் என்னை ஏன் என்று கேட்கிறான்.

செப்டெம்பர் 29
வளிமண்டலவியல் திணைக்களத்தின் மூன்று மாத முன்னறிவிப்பு வந்துவிட்டது. வரைபடத்தில் கிழக்குப் பக்கம் கூடுதல் மழைக்கான நிறம். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றுமே தெரியாவிட்டால் குறைவு, வழமை, கூடுதல் மூன்றுக்கும் ஆளுக்கு 33 வீதம். இப்போது கூடுதலின் பங்கு மற்ற இரண்டையும் விடப் பெரிசு, அவ்வளவுதான். குறைவு என்ற பங்கும் அதில் இருக்கத்தான் செய்கிறது, அதை யாரும் அழிக்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கிழமை பெய்யும் எண்டு போட்டிரிக்கா?"

இல்லை. போட முடியாது. மூன்று மாதத்துக் கூட்டுத்தொகைதான் அது. ஐப்பசி முழுக்கக் காய்ந்து கார்த்திகைக் கடைசியில் ஒரு தாழமுக்கம் வந்து எல்லாவற்றையும் நாலு நாளில் கொட்டினாலும் அறிக்கை சரிதான். வெள்ளாமைதான் சரிவராது. 2011 தையில் கதிரோடு நின்ற வயல் வெள்ளத்தில் போனது. அதுவும் கூடுதல் மழை வருசம்தானே. அப்பா அதற்கும் முன்னே போனார், 1978 நவம்பர் 23, சூறாவளி. அந்த இரவுக் கதை தொடங்கினால் விடியும். நான் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டேன்.

ஒக்டோபர் 3
பெரும்போக ஆரம்பக் கூட்டம். விதைப்புக்குக் கடைசித் திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி, வேலி கட்டும் திகதி, எல்லாம் தீர்மானமாகிக் கைதட்டலும் நடந்தது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் பட்டணத்துக்குக் குடிக்கவும் போகவேண்டும், அதனால் விதைப்புக்கு மழையைத்தான் நம்பவேண்டும் என்றார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. வாய்க்காலின் கடைசியில் இருப்பவனுக்குக் குளம் நிறைந்தாலும் அதே பதில்தான். மழை வரும் திகதியைத் தவிர எல்லாத் திகதியும் கையில் இருக்கிறது.

ஒக்டோபர் 4
மழை வேண்டிக் கோயிலடியில் கொம்புமுறி விளையாட்டு வைக்கலாமா என்று பெரியவர்கள் பேசுகிறார்கள், இரண்டு கட்சியாகக் கொம்புகளைக் கொளுவி வடம் பிடித்து இழுப்பது. வைகாசிச் சடங்கில் அம்மனுக்கு ஏதோ குறை விட்டுவிட்டதாம். வைக்கட்டும். எனக்கும் வடம் பிடிக்க ஆசை, பெண்களை விடமாட்டார்கள்.

ஒக்டோபர் 7
ஒன்றுமில்லை. வெயில்.

ஒக்டோபர் 10
அப்பா புழுதியில் விதைக்கப் போகிறாராம். உழவு மெசினுக்குச் சொல்லியாயிற்று. ஏக்கருக்கு இரண்டரைப் புசல். நான் கத்தினேன். ஒரு சின்ன மழை பெய்து முளைத்து, மறுபடி பத்து நாள் காய்ந்தால் என்ன செய்வது? மழை இறங்கிய பிறகு விதைப்போம் என்றேன். "இறங்கினா மெசின் புதையும். சனம் முழுக்க ஒரே நாளில மெசின் தேடும். நீ படிச்ச புள்ள, உனக்கு மழை தெரியும். எனக்கு மெசின்காரனத் தெரியும்."

அதில் பதில் சொல்ல இடமில்லை. கோபம் மட்டும் போகவில்லை. இரவு சோறு போடாமல் கறியை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். அவரே போட்டுச் சாப்பிட்டார், சட்டி கழுவின சத்தமும் கேட்டது.

ஒக்டோபர் 12
முன்னறை வெறுமையாகிவிட்டது. தவிட்டு மணம் மட்டும் இருக்கிறது. அப்பா இன்னும் அங்கேதான் படுக்கிறார்.

ஒக்டோபர் 17
நாளை ஐப்பசி பிறக்கிறது. பின்னேரம் மேற்கே இருட்டி, இடி இடித்து, முற்றம் நனைகிற அளவுக்கு ஒரு மழை. சின்னதுகள் ஓடிப்போய் நனைந்தன. மாமி வாளி வாளியாகப் பீலிக்குக் கீழே வைத்தாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இந்த அளவு மழைதான் கூடாது.

ஒக்டோபர் 20
வெயில். வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

ஒக்டோபர் 22
வயலுக்குப் போனேன். மேல் மண் பொருக்காக உடைகிறது. விரலால் கிளறினால் ஒரு அங்குலத்துக்குக் கீழே இலேசான ஈரம். ஒரு நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்: நுனியில் உமி பிளந்து, உள்ளே வெள்ளையாக முளை, ஊசி முனை அளவு. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருக்கிறது. வயல் தண்ணீர் அலுவல் பார்க்கும் வட்டவிதானை வரம்பில் நின்று, "பாதி முழிச்சிட்டு, பாதி நித்திரை. நித்திரைக்காரன்தான் தப்புவான்" என்றார். எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் மூடினேன்.

ஒக்டோபர் 23
வெயில். தம்பியின் போனை எடுக்கவில்லை.

ஒக்டோபர் 25
அப்பாவுக்கு பிரசர் ஏறி, கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கிணற்றுத் தண்ணியே உப்புத்தானே என்றார் அப்பா. டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 28
இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி விடிந்தும் விடவில்லை. இது இடி மழை இல்லை, கிழக்கே இருந்து வந்த நிதான மழை. அப்பா குடை இல்லாமல் வயலுக்குப் போய்விட்டார். பிரசர் குளிசை மேசையில்.

ஒக்டோபர் 29
வயல் நனைந்துவிட்டது. மாமி மாலையை அடகு வைக்கப் பட்டணம் போயிருக்கிறாள்.

ஒக்டோபர் 31
வங்காள விரிகுடாவில் தாழமுக்கமாம். கடலுக்குப் போகவேண்டாம் என்று ரேடியோவில் மணிக்கொரு தரம் சொல்கிறார்கள். முளை இன்னும் மண்ணுக்கு மேலே வரவில்லை, இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அழுகும். அப்பா மண்வெட்டியோடு வரம்பில் தண்ணீர் வடியும் வக்கடை எல்லாவற்றையும் வெட்டிவிடப் போனார். எங்கள் தண்ணீர் தன் வயலில்தான் விழும் என்று கீழ் வயல்காரர் வரம்பில் மறித்துக்கொண்டு நிற்கிறாராம். வட்டவிதானையைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள், என்னையும் வரச் சொல்கிறார்கள்.