இன்னொரு மேட் போட்டால் போதுமா?

சேலம் பக்கத்து பாடி பட்டறைகளில் ஃபைபர் பேனல் அதிர்கிறது என்று வண்டி திரும்பி வந்தால், முதல் வைத்தியம் ‘இன்னொரு மேட் போடு’. மேட் என்பது வெட்டிய கண்ணாடி இழைகளைப் பரப்பிய விரிப்பு. எடை கூடும், அதை இறுக்கும் பிசினான ரெசினின் செலவும் கூடும். அதிர்வு அவ்வளவாகக் குறையாது. சேர்த்த மேட் எந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி.

வளைவை எதிர்க்கும் விறைப்பு, நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தின் மும்மடியில் ஏறும். ஒரே மாதிரியான 8 அடுக்கில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வெளி அடுக்குகள் இரண்டே 58 சதவீத விறைப்பைத் தருகின்றன. நடுவில் கிடக்கும் நான்குக்கும் சேர்த்து 12.5 சதவீதம். ஆகவே மேட்டைவிட விறைப்பான ரோவிங்கை, அதாவது நெய்த கண்ணாடி இழைத் துணியை, வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஆனால் வெளிமுகத்தில் பூசும் ஜெல்கோட் என்ற ரெசின் பூச்சை ஒட்டி ரோவிங் போட்டால் அதன் நெசவு பெயின்ட் வரை தெரியும். அதனால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட், 600 ரோவிங், 450 மேட், 600 ரோவிங், 300 மேட் என்ற வரிசை நன்றாக வரும். மேட்டுக்கு எடையில் இரண்டரை மடங்கு, ரோவிங்குக்குச் சமஎடை ரெசின்: ரெசின் மட்டும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.8 கிலோ, பலகையின் தடிமன் 4 மி.மீ.

ஒரு பக்கம் மேட், மறுபக்கம் ரோவிங் என்று முடித்தால், ரெசின் மிகுந்த மேட் பக்கம் அதிகம் சுருங்கும். மோல்டிலிருந்து எடுத்ததும் பலகை அந்தப் பக்கம் குழியும். ஜெல்கோட் ஒரு முகத்தில்தான் வரும் என்பதால் முழுச் சமச்சீர் எப்படியும் கிடைக்காது. மற்ற அடுக்குகளிலாவது அதை விடக்கூடாது.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியின் பாடி முறுக்கிக்கொள்ளும். அதைத் தாங்குவது 45 டிகிரி சாய்ந்த இழை. ரோவிங்கைச் சாய்த்து வெட்டினால் துணி வீணாகும் என்று வெட்டுபவர் முணுமுணுப்பார், நியாயம்தான். ஜன்னல் மூலைக்கும் ரிவெட் வரிசைக்கும் மட்டும் வைத்தால் பெரும்பாலும் போதும்; மற்ற இடத்தில் எல்லாத் திசையிலும் இழை கிடக்கும் மேட்டே சமாளிக்கும்.

இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் ஒருதிசைத் துணி என்றால், 0, 90, கூட்டல் 45, கழித்தல் 45 என்று நான்கு கோணங்கள். 8 அடுக்கைச் சமச்சீராக வைத்தால் பாதியைத் தேர்ந்தால் போதும், மறுபாதி அதன் பிரதிபலிப்பு: 256 வரிசைகள். எக்செல்லே எண்ணி முடித்துவிடும். இதற்குப் பெரிய மென்பொருள் வாங்குவது வீண் செலவு.

கணக்கைக் கெடுப்பது வெயில். சேலத்துச் சித்திரையில், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்; 2 போட்டால் ரோலர் ஓட்டுவதற்குள் ரெசின் உறைந்து, காற்று உள்ளேயே சிக்கும். சீக்கிரம் உறைகிறதே என்று 1-க்குக் கீழே இறக்கினால் முழுதாக இறுகாது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பழுது பார்ப்பதானால் மேட்டைப் பிரிக்காமல் உலர்ந்த அறையில் வைத்திருக்க வேண்டும். ஈரம் பட்ட மேட் அடுக்கோடு ஒட்டாது. எங்கே செய்தாலும் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும்.